சீட்டுப் பணமும் கிராபிக்ஸ் கார்டும்

வத்தக்குழம்பு, வடாம், இடுப்பு வலிக்குக் கஷாயம் என்று எழுதுகிற இந்தப் பகுதியில் கம்ப்யூட்டர் சமாசாரம் எழுதுகிறாளே என்று மூக்கில் விரல் வைக்காதீர்கள். படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் இன்று இல்லாவிட்டால் நாளை இந்தப் பேச்சு வரத்தான் போகிறது. "அம்மா, கிராபிக்ஸ் கார்டு வாங்கித் தாம்மா" என்று வந்து நிற்பான். பீரோவைத் திறந்து பணத்தை எடுத்துக் கொடுக்கப் போவது நாம்தானே? எதுக்குக் கொடுக்கிறோம்னு நமக்கும் தெரியணும் இல்லையா? நான் பிளஸ் டூவோடு நின்றவள். எனக்கே பிடிபட்டது என்றால் உங்களுக்குப் பிடிபடாமல் போகாது.

எங்கள் வீடு தாம்பரத்தில். ஒரு ஹால், ஒரு பெட்ரூம், சமையலறை. மாமனாருக்கு ஹாலில்தான் கட்டில். பையன் ஒன்பதாவது, பெண் ஐந்தாவது. போன வருஷம், அதாவது 2025 மார்ச்சில், பையன் டியூஷன் முடிந்து வர நேரமாக ஆரம்பித்தது. கேட்டால் ஸ்பெஷல் கிளாஸ் என்றான். பக்கத்துத் தெரு அக்கா மூலமாக விஷயம் வெளியே வந்தது. மெயின் ரோட்டில் மாடியில் கம்ப்யூட்டர் விளையாடுகிற இடம் ஒன்று இருக்கிறதாம். மணிக்கு 60 ரூபாய். யார் யாரோ பெரிய பையன்கள், சிகரெட் வாடை. என் வீட்டுக்காரர் கையை ஓங்கிவிட்டார். மாமாதான் நடுவில் வந்து நின்றார்.

ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு நான் அவரிடம் சொன்னேன், "ஏங்க, இங்க போகாதேன்னா இன்னொரு இடம் போவான். ஹால்லயே ஒண்ணு வெச்சுட்டா நம்ம கண் முன்னால இருப்பான் இல்ல?" முதலில் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் கழித்து, அவர் ஆபீசில் கழித்துக்கட்டின கம்ப்யூட்டர்களை ஸ்டாஃபுக்கே கொடுக்கிறார்கள் என்று 6,000 ரூபாய்க்கு ஒன்று வாங்கி வந்தார். டி.வி.யில் மாட்டினோம். அதில் பையன் கேட்ட கார் பந்தயம் ஓடவில்லை. "இதுக்குக் கிராபிக்ஸ் கார்டு வேணும்மா" என்றான்.

அந்த மாதம்தான் என் சீட்டுப் பணம் 20,000 கைக்கு வந்திருந்தது. ஃப்ரிட்ஜ் மாற்றணும் என்று இரண்டு வருஷமாகக் கட்டின சீட்டு. கதவு சரியாக மூடாமல் பால் திரிகிற ஃப்ரிட்ஜ். அந்தப் பணத்தில்தான் இவன் கேட்டதை வாங்கணும் என்றால், ஒரு ரூபாய் வீணாகக் கூடாது என்று தோன்றியது. நாத்தனார் மகன் இன்ஜினீயரிங் படிக்கிறான், அவனுக்குப் போன் போட்டேன். "அத்தை, நல்லதா வேணும்னா எல்லாம் சேர்த்து 60,000 வேணும்" என்று ஆரம்பித்தான். "என்கிட்ட 20,000தான் இருக்கு. அதுக்குள்ள என்ன உண்டோ அதைச் சொல்லு, இல்லாட்டி எப்படிப் பார்த்து வாங்கறதுன்னு சொல்லிக் கொடு" என்றேன். பாவம் பிள்ளை, மூன்று நாள் ராத்திரி போனிலேயே பாடம் நடத்தினான். அப்படித் தெரிந்துகொண்டதையும், பிறகு கடை கடையாய் அலைந்து தெரிந்துகொண்டதையும்தான் எழுதுகிறேன்.

டி.வி. படம் என்பது புள்ளிக் கோலம் மாதிரிதான். சாதாரண ஃபுல் எச்.டி. படத்தில் குறுக்கே 1,920 புள்ளி, நெடுக்கே 1,080 புள்ளி. பெருக்கினால் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600. நாம் போடுகிற கோலத்தை ஒரு தடவை போட்டால் போதும். இங்கே ஒரு நொடிக்கு 60 தடவை அழித்து அழித்துப் போடணும். அப்போதுதான் கார் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். 30 தடவை என்றாலும் சமாளிக்கலாம். அதற்கும் குறைந்தால் தட்டித் தட்டித்தான் ஓடும். இந்தக் கோலம் போடுகிற வேலைக்கென்றே தனியாக வைக்கிற ஆள்தான் கிராபிக்ஸ் கார்டு.

இப்போது வருகிற பெரிய டி.வி.யெல்லாம் 4கே. அதில் 82 லட்சத்து 94 ஆயிரத்து 400 புள்ளி. சரியாக நாலு மடங்கு. டி.வி. 4கே என்பதற்காகக் கேமும் 4கேயில்தான் ஓடணும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நாலு மடங்கு வேலைக்கு நாலு மடங்கு பணம் கேட்பார்கள். எங்கள் டி.வி. 43 அங்குலம். கேமை ஃபுல் எச்.டி.யில் ஓடவிட்டால் டி.வி.யே அதைப் பெரிசாக்கிக் காட்டிக்கொள்ளும். சோபாவில் எட்டடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிறோம், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பையனுக்குத் தெரிகிறதாம். தெரியட்டும்.

கார்டு பார்க்கிறதுக்கு முன்னால் இன்னொன்று. எல்லாக் கேமுக்கும் கார்டு வேண்டியதே இல்லை. பெரும்பாலான கம்ப்யூட்டரில் பிராசஸருக்கு உள்ளேயே படம் வரைகிற சக்தி கொஞ்சம் இருக்கும். என் பெண் ஆடுகிற மைன்கிராஃப்ட் அதிலேயே ஓடுகிறது. 2020ல் வந்த வேலரன்ட் என்கிற துப்பாக்கி கேமுக்கு, அந்தக் கம்பெனியே குறைந்தபட்சம் என்று போட்டிருப்பது, பழைய இன்டெல் பிராசஸருக்குள்ளேயே வருகிற எச்.டி. 4000 என்கிற படசக்தியைத்தான். உங்கள் பிள்ளைக்கு இந்த மாதிரி கேம்தான் வேணும் என்றால் பணத்தைப் பீரோவிலேயே வையுங்கள். எங்கள் கம்ப்யூட்டரில் 8 ஜி.பி. ராம் ஒற்றைத் துண்டாக இருந்தது. அதே மாதிரி இன்னொன்று ஜோடியாகப் போட்டதுமே, கார்டு இல்லாமலே படம் முன்னைவிட நன்றாக ஓடியது. இரண்டு துண்டும் சேர்ந்து வேலை செய்யும்போது வேகம் கூடுமாம். அப்போது 1,500 ரூபாய் கொடுத்தேன். 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது, இப்போது போகிறவர்கள் விலை விசாரித்துக்கொண்டு போங்கள்.

எங்கள் பிள்ளை கேட்டது ஃபோர்ஸா ஹொரைசன் 5 என்ற கார் பந்தயம். 2021 நவம்பரில் வந்தது. சண்டை, ரத்தம் எதுவும் கிடையாது, மாமாகூட உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருக்கும். அதற்குக் குறைந்தபட்சம் ஜி.டி.எக்ஸ். 970 கார்டு அல்லது அதற்கு ஈடானது வேணும், நன்றாக ஓட ஜி.டி.எக்ஸ். 1070 வேணும், 16 ஜி.பி. ராம் வேணும் என்று போட்டிருக்கிறார்கள். டிஸ்க்கில் 110 ஜி.பி. இடமும் வேணும். ஒவ்வொரு கேமுக்கும் இப்படி ஒரு பட்டியல் உண்டு. மளிகை லிஸ்ட் மாதிரி அதை எழுதி எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போகணும்.

அதைவிட முக்கியம், வீட்டில் இருக்கிற பெட்டி. நாத்தனார் மகன் முதலில் கேட்டதே, "அத்தை, சி.பி.யு. பெட்டி எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம், அளந்து சொல்லுங்க" என்றுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஜாக்கெட்டுக்கா அளவெடுக்கிறான் என்று. ஆனால் அதில்தான் எல்லாமே இருக்கிறது. ஆபீஸ் கம்ப்யூட்டரெல்லாம் ஒல்லிப் பெட்டி. கடையில் பெருமையாக அடுக்கி வைத்திருக்கிற பெரிய கார்டுகள் இதற்குள் நுழையவே நுழையாது. உயரம் குறைந்த கார்டு என்றே தனியாக வருகிறது, 'லோ புரொஃபைல்' என்று கேட்கணும். பெட்டியின் பின்பக்கம் மாட்டுகிற தகடும் குட்டைத் தகடாக இருக்கணும். சில கார்டில் நெட்டைத் தகடு மாட்டியிருப்பார்கள், குட்டையைத் தனியாகப் பெட்டிக்குள் போட்டிருப்பார்கள். அது இருக்கா என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது கரண்ட். பெட்டிக்குள் எஸ்.எம்.பி.எஸ். என்று ஒரு டப்பா இருக்கும், அதுதான் எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுப்பது. எங்களுடையதில் 200 வாட்ஸ் என்று ஒட்டியிருந்தது. பெரிய கார்டுக்கெல்லாம் அந்த டப்பாவிலிருந்து தனி வயர் போகணும். ஆபீஸ் பெட்டியில் பெரும்பாலும் அந்த வயரே இருக்காது. ஆகவே, கார்டைச் செருகுகிற ஸ்லாட்டிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்கிற கார்டாகப் பார்க்கணும். அந்த ஸ்லாட் கொடுக்கக்கூடியது அதிகபட்சம் 75 வாட்ஸ். நம் பழைய சீலிங் ஃபேன் இழுக்கிற அளவு. சில குட்டிப் பெட்டிகளில் அந்த 75கூட வராது, குறைத்துத்தான் கொடுக்கும். மாடல் நம்பரைச் சொல்லிக் கேட்டுவிட வேண்டியதுதான். மூன்றாவது, எங்கள் பிராசஸர் ஐ5 8500, 2018ல் வந்தது. இந்த வருஷக் கணக்கும் பின்னால் தேவைப்படும்.

இத்தனையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, மே மாத லீவில் நானும் பையனும் எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்து ரிச்சி தெருவுக்குப் போனோம். அண்ணா சாலையை ஒட்டின அந்தத் தெருவில் நுழைந்தால் தலை சுற்றும். வயர், ஸ்பீக்கர், கேமரா, கம்ப்யூட்டர் பாகம், இடிக்காமல் நடக்க முடியாது. எல்லாம் ஆண்கள். என்னைப் பார்த்ததும் முதல் கடைக்காரர் பையனிடம்தான் பேசினார்.

"நாலு ஜி.பி. கார்டு இருக்கு, 5,500. எல்லாக் கேமும் ஓடும்" என்றார். பையன் முகம் மலர்ந்துவிட்டது. நான் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். ஜி.டி. 730 என்று இருந்தது. "அண்ணே, இது 2014ல வந்தது இல்ல?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நாலு ஜி.பி. இருக்குல்ல மேடம்" என்றார்.

சிநேகிதிகளே, ஏமாற்றுவதற்கு வசதியான எண் இந்த ஜி.பி.தான். மாடித் தொட்டி 2,000 லிட்டர் இருக்கலாம். கீழே வருகிற குழாய் அரை இஞ்ச் என்றால் குளியலறையில் எவ்வளவு தண்ணீர் வரும்? ஜி.பி. என்பது தொட்டி. அதிலிருந்து நொடிக்கு எவ்வளவு எடுக்க முடியும் என்பதுதான் குழாய். அந்த ஜி.டி. 730ல் டி.டி.ஆர். 3 என்ற பழைய ரக மெமரி, நொடிக்கு 14 ஜி.பி. சொச்சம்தான் வரும். 2019ல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650லும் அதே 4 ஜி.பி. தொட்டிதான், ஆனால் நொடிக்கு 128 ஜி.பி. வரும். டப்பாவில் இரண்டுக்கும் பெரிய எழுத்தில் போட்டிருப்பது 4 ஜி.பி. மட்டும்தான். அதோடு, ஜி.டி. 730க்குப் புது டிரைவர் கொடுப்பதை என்விடியா கம்பெனி 2021லேயே நிறுத்திவிட்டது. டிரைவர் என்றால் கார்டை ஓட்டுகிற சாஃப்ட்வேர். அது நின்றுவிட்டால் புதிதாக வருகிற கேமுக்கு உத்தரவாதம் இல்லை. இன்னமும் புதுப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். விற்பதில் தப்பில்லை, டைப் அடிக்கவும் படம் பார்க்கவும் போதும். "எல்லாக் கேமும் ஓடும்" என்று ஒரு சின்னப் பையனைப் பார்த்துச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டாவது கடையில் ஜி.டி. 1030 காட்டினார்கள். இதில் ஒரு கூத்து கேளுங்கள். ஒரே பெயரில் இரண்டு ரகம். 2017ல் வந்தது ஜி.டி.டி.ஆர். 5 மெமரி, குழாய் 48. அடுத்த வருஷம் அதே பெயரில் டி.டி.ஆர். 4 மெமரி போட்டு இன்னொன்று விட்டார்கள், குழாய் 16.8. மூன்றில் ஒரு பங்குதான். டப்பாவில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தால்தான் தெரியும். துவரம் பருப்பில் கேசரிப் பருப்பு கலந்த கதைதான். நல்ல ரகமாகவே இருந்தாலும் எங்கள் கார் பந்தயத்துக்குப் போதாது, வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

மூன்றாவது கடையில் ஒரு தம்பி, இருபத்தைந்து வயசு இருக்கும், என் காகிதத்தை வாங்கிப் பொறுமையாகப் படித்தார். "அக்கா, இப்படி எழுதிட்டு வர்றவங்க கம்மி" என்று சிரித்துவிட்டு நாலு பெயர் சொன்னார்.

ஒன்று ஏ.எம்.டி. கம்பெனியின் ஆர்.எக்ஸ். 6400. 2022ல் வந்தது. 53 வாட்ஸ்தான், ஒல்லியாக அழகாக இருந்தது. நான் கை நீட்டிவிட்டேன். "இது புதுக் கம்ப்யூட்டருக்குத்தான் அக்கா சரி" என்றார் அவரே. கார்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே டேட்டா போக நாலு பாதைதான் வைத்திருக்கிறார்களாம். புது போர்டில் பாதை அகலம், நாலு போதும். எங்களது 2018 போர்டு, பாதை அதில் பாதி அகலம், கார்டின் வேகம் குறைந்துவிடும். வருஷக் கணக்கு தேவைப்படும் என்று சொன்னேனே, அது இதற்குத்தான். இரண்டாவது, இன்டெல்லின் ஆர்க் ஏ380. 6 ஜி.பி., விலையும் குறைவு. அதற்கு மதர்போர்டில் ஒரு வசதி இருக்கணும், ரீசைசபிள் பார் என்று பெயர். எங்கள் காலத்துப் பிராசஸருக்கு அது கிடையாது, இல்லாவிட்டால் கார்டு நொண்டும்.

மூன்றாவது, செகண்ட் ஹேண்ட் ஜி.டி.எக்ஸ். 1650, குட்டை மாடல், 7,500 ரூபாய். நாலாவது, புது ஆர்.டி.எக்ஸ். 3050, 6 ஜி.பி. குட்டை மாடல், 17,900 ரூபாய். பெட்டி பெரிசாக இருந்து, எஸ்.எம்.பி.எஸ்.சும் 450 வாட்ஸுக்குக் குறையாமல் இருந்தால், இன்னும் கொஞ்சம் சேர்த்து ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 6600 வாங்கியிருக்கலாம், அது இதையெல்லாம்விட ரொம்ப வேகம் என்றும் அந்தத் தம்பி சொன்னார். அது 132 வாட்ஸ், எட்டுமுள் வயர் தனியாக வேணும். பெரிய பெட்டி வைத்திருக்கிற சிநேகிதிகள் குறித்துக்கொள்ளுங்கள். எனக்குப் பெட்டியும் எஸ்.எம்.பி.எஸ்.சும் மாற்றினால் பட்ஜெட் பிய்த்துக்கொண்டு போகும்.

7,500ஆ, 17,900ஆ? கடை வாசலில் டீ குடித்துக்கொண்டு நானும் பையனும் அரை மணி நேரம் பேசினோம். 7,500 என்றால் மிச்சப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஃப்ரிட்ஜும் வாங்கிவிடலாம். என் மனசு அதில்தான் இருந்தது. "எனக்கு அது போதும்மா, நீ ஃப்ரிட்ஜ் வாங்கிக்கோ" என்று அவன் சொன்னான். ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொன்ன அதே பையன்தான்.

ஆனால் பழைய கார்டுக்கு வாரண்டி இல்லை, பில் இல்லை. பழைய கார்டு வாங்குவதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பார்த்து வாங்கணும். எதீரியம் என்ற கம்ப்யூட்டர் நாணயத்தைத் தோண்டி எடுக்க நாட்கணக்கில் ராப்பகலாக ஓட்டின கார்டுகள் உண்டு. 2022 செப்டம்பர் 15ஆம் தேதியோடு அந்த முறையே நின்றுபோனதும், அவையெல்லாம் சந்தைக்கு வந்தன. அதைவிட மோசம், பத்து வருஷத்துக்கு முந்தின ஏதோ கார்டை, உள்ளே பெயரை மட்டும் மாற்றி எழுதி, புது மாடல் என்று தள்ளிவிடுவது. ஜி.பி.யு. இசட் என்று இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது, 2018லிருந்து இப்படிப்பட்ட என்விடியா போலியைக் கண்டால் பெயருக்கு முன்னால் ஃபேக் என்றே போட்டுக் காட்டும். பழசு வாங்குகிறவர்கள் கடையிலேயே அதை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அரை மணி நேரம் கேமும் ஓடவிட்டுப் பாருங்கள். ஃபேனில் சத்தம், திரையில் கோடு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நான் கணக்குப் போட்டது இப்படி. 1650 அந்தக் கேமின் குறைந்தபட்ச வரம்பில்தான் நிற்கும். 3050 குறைந்தபட்சத்தைத் தாண்டி, நன்றாக ஓட வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். பிளஸ் டூ முடிகிற வரைக்கும் இதுதான், வேறு கேட்கக் கூடாது என்று நான் அவனிடம் சொல்லப் போகிறேன். அப்படிச் சொல்வதற்கு, நாலு வருஷம் தாங்குகிற சாமானை நான் வாங்கித் தரணும் இல்லையா? இன்னொன்று, ஆர்.டி.எக்ஸ். ரகத்தில் டி.எல்.எஸ்.எஸ். என்று ஒரு வித்தை உண்டு. குறைந்த புள்ளியில் கோலம் போட்டுவிட்டு, நடுவில் வேண்டிய புள்ளியைத் தானே ஊகித்து நிரப்பிக்கொள்ளும். பெரிய டி.வி.க்கு அது நல்ல உபகாரம். ஜி.டி.எக்ஸ். ரகத்தில் அது கிடையாது. அதோடு 2024ல் வந்த இண்டியானா ஜோன்ஸ் மாதிரி சில புதுக் கேம்கள், வெளிச்சம் நிழல் கணக்குப் போடுகிற தனி வசதி இல்லாத கார்டில் திறக்கவே திறக்காதாம். அதுவும் ஜி.டி.எக்ஸ். 1650ல் இல்லை. பழையதில் ஜி.டி.எக்ஸ். 1050 டிஐ பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குக் கேமுக்கான புது டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. பாதுகாப்புக்கான அப்டேட் மட்டும் 2028 வரை வரும்.

வாங்கினது 3050. ராமோடு சேர்த்து 19,400 ஆயிற்று. ஃப்ரிட்ஜ் கதவுக்கு ரப்பர் மட்டும் மாற்றிக்கொண்டேன், 900 ரூபாய். இன்னும் பால் திரியவில்லை.

3050 என்ற பெயரிலும் இரண்டு உண்டு, கவனம். 2022ல் வந்தது 8 ஜி.பி., வேகம் கொஞ்சம் அதிகம், ஆனால் 130 வாட்ஸ், தனி வயர் வேணும். 2024 பிப்ரவரியில் வந்தது 6 ஜி.பி., 70 வாட்ஸ், பெரும்பாலும் தனி வயர் வேண்டாம். ஒல்லிப் பெட்டிக்கு இரண்டாவதுதான். நாங்கள் வாங்கி இரண்டு மாசத்தில் ஆர்.டி.எக்ஸ். 5050 என்று புதுசு வந்தது. பையன் முகம் வாடினது. விசாரித்தால் அதுவும் 130 வாட்ஸ், எங்கள் பெட்டிக்கு ஆகாது. எனக்குள் ஒரு நிம்மதி!

மாட்டுவது பெரிய வித்தை இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்பை ஒரு தடவை தொட்டுவிட்டு, ஸ்லாட்டில் 'டக்' என்று சத்தம் வருகிற வரைக்கும் அழுத்தி, ஒரு ஸ்க்ரூ. டி.வி.யிலிருந்து வருகிற எச்.டி.எம்.ஐ. வயரைக் கார்டின் பின்னால் செருகணும், முன்பு இருந்த மதர்போர்டு ஓட்டையில் இல்லை. சொன்னால் சிரிப்பீர்கள், எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கார்டு வாங்கி மூன்று மாசம் பழைய ஓட்டையிலேயே வயரை வைத்துக்கொண்டு, "கார்டு மோசம்" என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம், பட்டனை அமுக்கினால் கார் கொஞ்சம் தாமதித்துத் திரும்புகிறது என்று பையன் புலம்பினான். அது கார்டின் கோளாறு இல்லை, டி.வி. படத்தை மெருகேற்றிக் காட்ட எடுத்துக்கொள்கிற நேரம். டி.வி. செட்டிங்கில் கேம் மோடு என்று இருக்கிறது, அதைப் போட்டதும் சரியாகிவிட்டது.

குட்டைக் கார்டில் ஃபேனும் குட்டி. குட்டி ஃபேன் வேகமாகச் சுற்றும், சத்தம் வரும். இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன். மாமா ஹாலில் படுப்பதால் எங்களுக்கு இது பெரிய விஷயம். இரண்டு காரியம் செய்தோம். முதலாவது, டி.வி. ஸ்டாண்டுக்குள் கதவு போட்ட தட்டில் இருந்த பெட்டியை வெளியே எடுத்துச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி வைத்தோம். உள்ளே இருந்தால் சூடு வெளியேற வழி இல்லாமல் ஃபேன் இன்னும் கத்தும். இரண்டாவது, கேமின் செட்டிங்கில் நொடிக்கு 60 படத்துக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்தினோம். டி.வி. காட்டுவதே 60தான், அதற்கு மேல் கார்டு மெனக்கெட்டு என்ன பிரயோஜனம்? சத்தம் பாதியாகக் குறைந்தது. எப்படியும் ராத்திரி ஒன்பதுக்கு மேல் போடக் கூடாது. மூன்று மாசத்துக்கு ஒரு தரம், மிக்ஸியைப் பிரித்துத் துடைக்கிற நாளில், பெட்டியையும் திறந்து பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுகிறேன். ஃபேனை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு தட்டணும்.

கரண்ட் பில் ஏறுமோ என்று அத்தனை பேரும் கேட்கிறார்கள். கார்டு 70 வாட்ஸ். முழு வேகத்தில் 14 மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட். கம்ப்யூட்டர், டி.வி. எல்லாம் சேர்த்தாலும் எங்கள் வீட்டு அயர்ன் பாக்ஸ் தின்பதைவிடக் கம்மிதான்.

பள்ளி நாளில் ஒரு மணி நேரம், லீவு நாளில் இரண்டு. கேமுக்குள்ளேயே காசு கொடுத்துச் சட்டை, கார் எல்லாம் வாங்கச் சொல்லும், அதனால் வீட்டுக்காரரின் வங்கிக் கார்டு நம்பரை அதில் எங்கேயும் சேமித்து வைக்கவில்லை. பணம் கட்டி ஆடுகிற ரம்மி மாதிரி ஆன்லைன் ஆட்டங்கள் வேறே விஷயம், அதற்கு 2025 ஆகஸ்டில் மத்திய அரசு தடைச் சட்டமே கொண்டு வந்திருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று எங்கள் மாமாவுக்கே நான் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் இப்போது பேரன் ஓட்டுவதைப் பார்த்து, "பிரேக்கைப் பிடிடா, பிரேக்கைப் பிடிடா" என்று கத்துகிறார். அவர் அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர்.

என் பெண்ணும் அண்ணனுக்குச் சமமாகப் பந்தயம் ஓட்டுகிறாள். வாரத்தில் மூன்று நாள் அவளுக்கு என்று பிரித்துக் கொடுத்திருக்கிறேன். "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இது" என்று ஊரிலிருந்து வந்த பெரியம்மா கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, அவர் கையிலேயே ஒரு ரிமோட்டைக் கொடுத்துவிட்டேன். மரத்தில் மோதி மோதி விளையாடினார்.

கேமிங் சென்டர் பக்கம் இப்போது பையன் போவதில்லை. அவன் நண்பர்கள் இரண்டு பேர் சனிக்கிழமை இங்கே வருகிறார்கள். கூடுதலாக ஒரு படி மாவு அரைக்க வேண்டியிருக்கிறது, அது ஒரு செலவுதான்.

கடைசியாக, ஜி.எஸ்.டி. பில்லை மறக்காமல் வாங்குங்கள். பில்லில் கார்டின் சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள். எங்களுக்கு மூன்று வருஷ வாரண்டி, சீரியல் நம்பரும் பில்லும் ஒத்துப் போனால்தான் எடுத்துக்கொள்வார்களாம். கடைப் பில் மை ஆறு மாசத்தில் மங்கிவிடும், அதனால் அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்து ரேஷன் கார்டு வைக்கிற கவரில் வைத்தேன். காலி டப்பாவையும், உபயோகப்படாத அந்த நெட்டைத் தகட்டையும் பரணில் போட்டிருக்கிறேன். பெரிய பெட்டி வாங்குகிற காலம் வந்தால் அதுவும் வேணும்.

- ஒரு வாசகி, கிழக்குத் தாம்பரம்